எடுபிடிப் பையன் நைட் ஆன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் வழக்கம். இந்த வருஷம் அவர்கள் விடாமல் கேட்டது ஒரே ஆளின் கதையைத்தான். வில்லியம் மார்ஷல், 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்து, நைட் ஆவதற்காகச் சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போன பையன். பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வாளும் டிராகனும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் வாளைவிடக் குதிரையும் சாப்பாடும்தான் அதிகம் வரும். எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

நைட் என்றால் ராஜாவா? மந்திரியா?

இரண்டும் இல்லை. இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு குதிரைமேல் இருந்து சண்டை போடக் கற்றுக்கொண்டு, அதற்காக ஒரு பட்டம் வாங்கியவன். அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய காலத்தில் 'பையன்', 'வேலைக்காரன்' என்றுதான் பொருள். பிரெஞ்சில் இதே ஆளுக்குச் செவாலியே என்று பெயர். ஆமாம், பிரெஞ்சு அரசு நம் சிவாஜி கணேசனுக்குக் கொடுத்ததே, அதே செவாலியேதான். அதன் நேர்ப்பொருள் குதிரையில் ஏறிப் போகிறவன். இன்னும் ஒன்று, மார்ஷல் என்ற சொல்லும் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலையாள் என்ற பொருளில் தொடங்கியதுதான். வில்லியமின் குடும்பத்துக்கு அரண்மனையில் பரம்பரையாக இருந்த பதவி அது, அதுவே பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இவர் உண்மையிலேயே இருந்தவரா, இல்லை கதையா?

இருந்தவர். 1147 வாக்கில் பிறந்து 1219 மே 14 அன்று இறந்தவர். லண்டனில் டெம்பிள் சர்ச் என்ற கோயிலுக்குள் அவருடையது என்று காட்டப்படும் கற்சிலை இன்றும் தரையில் படுத்த நிலையில் இருக்கிறது.

அவர் சின்ன வயதில் என்ன சாப்பிட்டார், எதற்காகத் திட்டு வாங்கினார் என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்பதுதான் உண்மையான கேள்வி. அவர் இறந்த பிறகு அவருடைய மூத்த மகன் ஒரு கவிஞரைக் கொண்டு அப்பாவின் வாழ்க்கையை அந்தக் காலத்துப் பிரெஞ்சில் செய்யுளாக எழுத வைத்தார். கிட்டத்தட்ட 19,000 அடிகள். அதற்கு ஒரே ஒரு கையெழுத்துப் படிதான் மிஞ்சியது, அதையும் பல நூற்றாண்டுகள் யாரும் சீண்டவில்லை. 1861இல் லண்டனில் ஓர் ஏலத்தில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைச் சற்று நேரம் புரட்டிப் பார்த்தார். ஏலத்தில் அது வேறு யாருக்கோ போய்விட்டது. மனிதர் அதை மறக்கவில்லை, இருபது வருஷம் தேடி மறுபடி கண்டுபிடித்து அச்சுக்குக் கொண்டுவந்தார். இப்போது அந்தப் படி நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

குடும்பத்தார் காசு கொடுத்து எழுத வைத்தது என்பதால் புகழ்ச்சி நிறைய இருக்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். ஆனால் அவர் அசடு வழிந்த இடங்களும் அதில் வருகின்றன. வெறும் புகழ்ச்சி மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் யார் அதையெல்லாம் எழுதுவார்கள்? அதனால் அந்த இடங்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ஐந்து வயதில் அவனைத் தூக்கில் போடப் போனார்களாமே?

பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். 1152இல் நடந்தது. ஸ்டீபன் ராஜா நியூபரி என்ற இடத்தில் இருந்த வில்லியமின் அப்பாவுடைய கோட்டையை முற்றுகையிட்டார். அப்பா ஜான் மார்ஷல் கொஞ்சம் அவகாசம் கேட்டு, வாக்குத் தவறமாட்டேன் என்பதற்கு ஈடாகத் தன் சின்ன மகனை ராஜாவிடம் பிணையாகக் கொடுத்தார். அப்புறம் அந்த அவகாசத்திலேயே கோட்டைக்குள் ஆளும் தானியமும் ஏற்றிக்கொண்டு வாக்கை மீறினார். பையனைத் தூக்கில் போடுவோம் என்று ஆள் அனுப்பியபோது, போடுங்கள், இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்க என்னிடம் பட்டறைக்கல்லும் சுத்தியலும் இருக்கின்றன என்று பதில் வந்ததாம்.

இந்த இடத்தில் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். என்ன அப்பா இவர் என்று எனக்கும் கோபம் வரும், அதை மறைப்பதில்லை.

ஆனால் பையனுக்கு நடப்பது எதுவுமே தெரியவில்லை. தூக்குமரத்துக்குப் போகிற வழியில் பக்கத்தில் வந்த ஒரு பிரபுவின் கையில் இருந்த ஈட்டியைப் பார்த்து, அதை எனக்குத் தருவீர்களா என்று கேட்டான். அந்தக் கேள்வியில் ராஜாவின் மனம் இளகிவிட்டது. பையனை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அப்புறம் ஒருநாள் கூடாரத்தில் ராஜாவும் அவனும் உட்கார்ந்து விளையாடினார்கள். வழியோரத்தில் முளைக்கிற ஒரு செடி, தண்டின் நுனியில் குட்டிக் கதிர் மாதிரி இருக்கும், அதை நைட் என்று வைத்துக்கொண்டு ஒருவர் தண்டால் இன்னொருவர் தண்டை அடித்துத் தலையைப் பறக்கவிட வேண்டும். முதல் அடியிலேயே ராஜாவின் நைட்டுக்குத் தலை போய்விட்டது. அந்தச் சமயம் கூடாரத்துக்கு வெளியே வீட்டு வேலைக்காரர் ஒருவர், பையன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துவர அம்மா அனுப்பிய ஆள், மறைந்து நின்று எட்டிப் பார்த்தார். இவன் உற்சாகமாகச் சத்தம் போட்டு, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டான்! அந்த ஆள் தலைதெறிக்க ஓடிப்போனார்.

ஏழு வயது, பதினான்கு வயது, இருபத்தொரு வயது என்று கணக்கு சொல்கிறார்களே?

ஏழு வயதில் பேஜ் (பெரிய வீட்டு எடுபிடிப் பையன்), பதினான்கில் ஸ்கொயர் (நைட்டுக்கு உதவியாள்), இருபத்தொன்றில் நைட் என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். நடைமுறையில் அவ்வளவு கறாராக இல்லை. வில்லியம் பன்னிரண்டு பதின்மூன்று வயதில்தான் கிளம்பினான். கடல் தாண்டி நார்மண்டி, இப்போதைய பிரான்ஸ். அம்மாவுக்கு உறவினரான டாங்கர்வில் பிரபுவின் வீடு. துணைக்கு ஒரே ஒரு வேலையாள். அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் அழுது அனுப்பிவைத்தார்கள் என்று செய்யுள் சொல்கிறது.

ஏன் அனுப்பினார்கள்? மூத்தவனுக்குத்தான் நிலம். இவனுக்கு மேலே அண்ணன்கள் இருந்தார்கள். நிலம் வராத பிள்ளைக்கு ஒரு தொழில் வேண்டும், பெரிய இடத்தில் நாலு பேரைத் தெரிந்திருக்கவும் வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சி என்றால் தினமும் என்ன செய்வார்கள்? வாள் சண்டையா?

வாள் உண்டு, சுழலும் கட்டையைக் குதிரையில் பாய்ந்து ஈட்டியால் குத்தும் பழக்கமும் உண்டு. ஆனால் நாளின் பெரும்பகுதி எடுபிடி வேலைதான். ஸ்கொயர் என்ற சொல்லே கேடயம் தூக்குகிறவன் என்ற பொருளில் பிறந்தது.

காலையில் குதிரையிலிருந்து தொடங்கும். தண்ணீர் காட்டி, தேய்த்துவிட்டு, குளம்பைத் தூக்கிப் பார்த்துக் கல் எடுக்க வேண்டும். குதிரையும் ஒன்று இல்லை. சண்டைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, மூட்டை சுமக்க ஒன்று. சண்டைக் குதிரையில் வழியெல்லாம் ஏறிப்போக மாட்டார்கள், களைத்துவிடும் அல்லவா, ஸ்கொயர்தான் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போவான். அப்புறம் கவசம். அந்தக் காலத்துக் கவசம் சினிமாவில் வருகிற மாதிரி தகடு இல்லை, பல்லாயிரம் சின்ன இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த சட்டை, பத்துப் பன்னிரண்டு கிலோ தேறும். ஒரு மழை பட்டால் துரு. மணல் போட்ட பீப்பாயில் அதைப் போட்டு உருட்டித்தான் துருவை எடுப்பார்கள், அதுவும் பையன்கள் வேலைதான்.

சாப்பாட்டு நேரத்தில் உட்கார முடியாது. பெரியவர்கள் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இறைச்சியை முறைப்படி அறுத்து வைக்க வேண்டும், கோப்பை காலியாவதைக் கேட்காமலே கவனிக்க வேண்டும். இதை அவமானமாக யாரும் நினைக்கவில்லை, பிரபுவின் மகனும் இதைத்தான் செய்தான். ஓர் அறையில் யார் யாருக்கு என்ன தேவை என்று வாய் திறக்காமல் பார்த்துப் பழகிய பையன், பிற்காலத்தில் ராஜாக்களின் அறைக்குள்ளும் அதே கண்ணோடுதானே போயிருப்பான்?

வில்லியம் நல்ல மாணவனா?

மற்ற பையன்களைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். குடிக்கிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், வேறென்ன செய்கிறான் என்று கேலி. பிரெஞ்சில் அவனுக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது, நம் பேச்சில் 'தீனிப்பண்டாரம்' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சு பிரபுவின் காதுக்கும் போயிற்று. அவர் பையனைக் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை, இவன் யார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்போலவே தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை ஒரு பையனின் அம்மா இந்தப் பகுதியை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். வளரும் வயதில் சாப்பிட்டான், தூங்கினான், இதில் என்ன தப்பு? அந்த உடம்புதான் எழுபது வயது வரை கவசம் தாங்கியது.

எப்போது நைட் ஆனான்? அன்றைக்கு என்ன நடந்தது?

1166 அல்லது 67. டிரின்கூர் என்ற ஊர், இப்போது நொஃப்ஷாத்தெல் ஆன் பிரே. எதிரிப்படை வருகிறது என்ற அவசரத்தில் பட்டம் கொடுத்தார்கள். வாளை இடுப்பில் கட்டிவிட்டு, தோளிலோ கழுத்திலோ ஓர் அடி, முடிந்தது. இரவெல்லாம் கண்விழித்துப் பிரார்த்தனை செய்யும் பெரிய சடங்கெல்லாம் இதில் இல்லை.

உடனே சண்டை. எல்லாருக்கும் முன்னால் போய் நின்றான். பிரபு, பின்னால் போ, பெரியவர்கள் முன்னால் வரட்டும் என்றார். வெட்கப்பட்டு ஒதுங்கி, மூன்று பேரை முன்னே விட்டான், அவ்வளவுதான் பொறுமை, மறுபடி பாய்ந்துவிட்டான். ஈட்டி உடைந்தது, வாளெடுத்தான், எதிரிகள் இரும்புக் கொக்கியால் அவனை இழுத்தார்கள், குதிரை செத்தது. ஆனாலும் அன்று எல்லார் வாயிலும் அவன் பேர்தான்.

ராத்திரி விருந்து. வில்லியம் டி மாண்டவில் என்ற பெரிய பிரபு எல்லார் முன்னாலும் கேட்டார்: மார்ஷல், நட்புக்காக எனக்கு ஒரு பரிசு தாயேன், ஒரு வால்பட்டை போதும், இல்லாவிட்டால் ஒரு பழைய கழுத்துப்பட்டை. (சேணம் முன்னால் நழுவாமல் இருக்கக் குதிரையின் வாலடியில் போகும் தோல்வார்தான் வால்பட்டை.) பையன் வெகுளியாக, என் வாழ்நாளில் என்னிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லையே என்றான். என்ன சொல்கிறாய், இன்றைக்கு மட்டும் நாற்பதோ அறுபதோ உன் கையில் இருந்தனவே என்றார் அவர். கூடமே சிரித்தது.

விஷயம் இதுதான். அந்தக் காலச் சண்டையில் எதிரியை வீழ்த்தினால் அவன் குதிரையும் சேணமும் ஜெயித்தவனுக்கு. அவனைப் பிடித்துவைத்தால் மீட்புப் பணமும் வரும். நாள் முழுக்க வீரம் காட்டிவிட்டு இவன் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் வெறுங்கையோடு வந்திருக்கிறான், போதாக்குறைக்கு இருந்த குதிரையும் போய்விட்டது. சண்டை முடிந்து சமாதானம் வந்ததும் பிரபுவும் புதுக்குதிரை தரவில்லை. பட்டம் வாங்கியபோது கிடைத்த மேலங்கியை 22 சூ காசுக்கு விற்று, சாமான் சுமக்க ஒரு மட்டக் குதிரை வாங்கினான். ஊர் மெச்சிய வீரன் சில வாரங்களில் மேலங்கியை விற்கிற நிலைக்கு வந்துவிட்டான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அந்தப் பிரபுமேல் இந்த இடத்தில் வருத்தம்தான். இருபது வயதுப் பையனிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

முரட்டுக் குதிரைக் கதை எது? மகள் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

எனக்கும் அதுதான் மிகப் பிடித்தது. கொஞ்ச நாளில் ஒரு டோர்னமெண்ட், அதாவது நைட்டுகளின் போட்டிச் சண்டை, வந்தது. பிரபு தன் ஆட்களுக்கெல்லாம் குதிரை பங்கிட்டார், வில்லியமுக்கு இல்லை. போய் நின்று கேட்டான். கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது, அழகான, வலுவான குதிரை, ஆனால் யாருக்கும் அடங்காது, அதனால்தான் மிச்சம்.

ஏறிக் குதிமுள்ளால் ஒரு குத்துதான் குத்தினான், அம்பு மாதிரி பாய்ந்தது, இழுத்தால் நிற்கவில்லை. இந்த இடத்தில் சவுக்கை எடுத்திருக்கலாம். வில்லியம் இறங்கிக் கடிவாளத்தைப் பார்த்தான். வாரை மூன்று விரல் அளவுக்குத் தளர்த்திவிட்டான். வாயில் இருந்த இரும்பு கொஞ்சம் இறங்கி வேறு இடத்தில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், குதிரை சாதுவாகிவிட்டது. அதற்கு வாய் வலித்திருக்கிறது, இத்தனை நாளும் அதைத்தான் எல்லாரும் முரட்டுத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்! குதிரைத் தொழுவத்தில் கழித்த வருஷங்கள் இல்லாமல் இது அவன் கண்ணில் பட்டிருக்குமா?

அன்று முதல் வேலையாகப் பிலிப் டி வலோன் என்பவரை அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தே இழுத்து வந்தான். பொழுது சாய்வதற்குள் அவன் பங்குக்குச் சண்டைக் குதிரைகள் மட்டும் நாலரை. பாதிக் குதிரை எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள், இன்னொருவரோடு பங்கு என்று அர்த்தம்.

டோர்னமெண்ட் என்றால் இரண்டு பேர் எதிரெதிரே குதிரையில் வந்து மோதுவதுதானே?

அது பிற்காலம். இவர் காலத்தில் இரண்டு பெரிய கூட்டங்கள் மைல் கணக்கில் வயல், தோப்பு, ஊர்த்தெரு என்று துரத்திக்கொண்டு மோதும். அடி உண்மையான அடி. ஒருமுறை சண்டை முடிந்து, அன்றைய சிறந்த வீரர் என்று அவருக்கு ஒரு பெரிய மீனைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு தேடினார்கள். ஆளைக் காணோம். கடைசியில் கொல்லன் பட்டறையில் இருந்தார், தலையைப் பட்டறைக்கல்மேல் வைத்தபடி. அடி வாங்கி நசுங்கிய தலைக்கவசம் கழற்ற வரவில்லை, கொல்லர் சுத்தியலும் இடுக்கியும் வைத்து நெம்பிக்கொண்டிருந்தார். அப்பா சொன்ன பட்டறைக்கல் பிள்ளைகளுக்கு உடனே ஞாபகம் வந்துவிடும்.

அவர் தோற்றதே இல்லையா?

1168இல் அவருடைய தாய்மாமா சாலிஸ்பரி பிரபு பேட்ரிக்கை எதிரிகள் பதுங்கித் தாக்கிக் கொன்றார்கள். அவர் கவசம் போடாமல் இருந்த நேரம், முதுகுப்பக்கம் இருந்து தாக்கு. வில்லியம் வேலியில் முதுகை வைத்துத் தனியாகச் சண்டை போட்டார், வேலிக்குப் பின்னால் இருந்து ஒருவன் தொடையில் குத்தினான், பிடிபட்டார். காயத்துக்குக் கட்டுப்போடக்கூடத் துணி கொடுக்காமல் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார்கள். தங்கிய ஒரு வீட்டில் ஒரு பெண்மணி இதைக் கவனித்து, ரொட்டியின் நடுப்பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டு, உள்ளே சுத்தமான துணியை வைத்து அனுப்பினார். காவல் இருந்தவர்களுக்கு அது ரொட்டி மட்டும்தான்.

காயம் ஆறிவரும்போது, யார் கல்லை அதிக தூரம் எறிவது என்று அங்கே போட்டி நடந்தது, பேசாமல் இருக்க முடியாமல் இவரும் எறிந்தார். ஜெயித்தார், காயம் மறுபடி பிளந்துகொண்டது. முட்டியில் கட்டுப்போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆட ஓடுகிற பையன்கள் யாருக்காவது இதைச் சொல்லுங்கள். கடைசியில் இங்கிலாந்தின் எலினார் ராணிதான் பணம் கட்டி மீட்டார்.

இவர்கள் எல்லாரும் நல்லவர்களா?

பத்து வயது தாண்டிய பிள்ளைகளிடம் நான் இதை மழுப்புவதில்லை. பிடிபட்ட நைட்டுக்கு விலை இருந்தது, அதனால் உயிரோடு விட்டார்கள். விவசாயிக்கு விலை இல்லை. எதிரி நாட்டைப் பலவீனமாக்குவதற்காக ஊரையும் பயிரையும் கொளுத்துவது அந்தக் காலப் போரில் சாதாரணம், வில்லியம் வாழ்ந்ததும் அந்த உலகத்தில்தான். நண்பர்களிடம் அவர் வாக்கு மாறாதவர் என்பதும் நிஜம், எரிந்த வயல்களும் நிஜம். இரண்டையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இடமே இல்லையா?

நைட் பட்டம் இல்லை. ஆனால் பெரிய வீட்டுப் பெண் பிள்ளைகளையும் இதேபோல வேறு வீடுகளுக்கு அனுப்பினார்கள், கணவன் இல்லாதபோது கோட்டையை நடத்துவது அவர்கள் பொறுப்பு. லிங்கன் கோட்டையைக் காத்த நிக்கோலா டி லா ஹே என்ற பெண்மணியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். 1217இல் பிரெஞ்சுப் படையும் அவர்களோடு சேர்ந்த ஆங்கிலப் பிரபுக்களும் லிங்கன் நகரத்தைப் பிடித்துவிட்டார்கள். கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. அறுபது வயது தாண்டிய அந்த அம்மா உள்ளே இருந்து விட்டுக்கொடுக்கவே இல்லை.

அவரைக் காப்பாற்ற யார் வந்தது?

வில்லியம்தான். அப்போது வயது எழுபதை ஒட்டி. ஜான் ராஜா 1216இல் இறந்துபோக, ஒன்பது வயது ஹென்றியை அரியணையில் உட்காரவைத்து, நாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வில்லியமிடம் கொடுத்திருந்தார்கள். 1217 மே 20 காலை லிங்கன் நகர வாசலுக்கு முன்னால் படை நிற்கிறது. வாசல் திறந்ததுதான் தாமதம், டிரின்கூரில் செய்த அதே வேலை, கிழவர் குதிரையைத் தட்டிவிட்டு எல்லாருக்கும் முன்னால் பாயப் பார்த்தார். பக்கத்தில் நின்ற எடுபிடிப் பையன் ஒருவன்தான் கவனித்துச் சொன்னான், ஐயா, நீங்கள் தலைக்கவசமே போட்டுக்கொள்ளவில்லை என்று. அவர் நின்றார். கவசம் போட்டுக்கொள்ளும் வரை காத்திருங்கள் என்று மகனிடம் சொன்னார், வாங்கி மாட்டிக்கொண்டார், அப்புறம்தான் உள்ளே போனார்.